சம்பளம் எழுதிய வழக்கங்கள்: கெடா தோட்டக் குடும்பங்களில் ஆணும் பெண்ணும்

கெடா மாநிலத்தின் தோட்டத் தமிழ்க் குடும்பங்களில் பெண் வேலைக்குப் போகாத தலைமுறை என்று ஒன்று இருந்ததில்லை. பாட்டி பால் வெட்டினாள், அம்மா செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கினாள், மகள் தொழிற்சாலைப் பேருந்து ஏறினாள், பேத்தி மருத்துவமனையிலோ வங்கியிலோ இருக்கிறாள். பெண் சம்பாதிக்கத் தொடங்கிவிட்டால் வீட்டில் அவளுடைய இடம் தானாக உயர்ந்துவிடும் என்று சமூகவியல் நூல்களிலும் மேடைப் பேச்சுகளிலும் அடிக்கடி சொல்லப்படுகிறது. நூறாண்டுக்கு மேலாக ஆணுக்குச் சரியாக உழைத்துச் சம்பளம் வாங்கிய பெண்கள் வாழும் இந்த மண்ணில் அது நடந்ததா என்று பார்ப்பது பயனுள்ளது. பெரும்பாலும் நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

கோலா கெடா கடல்முகமும் அலோர் ஸ்டாரைச் சுற்றிய சமவெளியும் நெல் விளையும் நாடு. தமிழர் குடியேறிய ரப்பர்க் காடுகள் அதற்குத் தெற்கே: பீடோங், சுங்கைப் பட்டாணி, பாடாங் செராய், லூனாஸ், கூலிம், கோலா கெட்டில், பாலிங். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வட்டாரங்களில் காடு அழிந்து தோட்டம் எழுந்தபோது, கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆட்களைச் சேர்த்து வந்தார்கள். பெரும்பாலும் பினாங்கு வழியாக வந்த அவர்களில் ஆண்களே மிகுதி. 1931 கணக்கெடுப்பு வரையிலும் மலாயாவில் ஆயிரம் இந்திய ஆண்களுக்கு ஐந்நூறு பெண்கள்கூட இல்லை.

பெண் குறைவாக இருந்த இடத்தில் பெண்ணுக்கு மதிப்புக் கூடியிருக்க வேண்டும். ஓரளவு கூடவும் செய்தது. பிடிக்காத கணவனை விட்டு வேறொருவனோடு வாழப் போன பெண்களைப் பற்றிய வழக்குகளும் புகார்களும் காலனி ஆட்சியின் ஆவணங்களில் நிறைய உண்டு. வரலாற்றாய்வாளர் அருணிமா தத்தா 2021இல் வெளியிட்ட நூலில், மலாயாத் தோட்டப் பெண்கள் கிடைத்த சிறு சிறு இடைவெளிகளைத் தமக்குச் சாதகமாக எப்படிப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதை இந்த ஆவணங்களைக் கொண்டே காட்டியிருக்கிறார். அதே ஆவணங்களில், சந்தேகத்தால் மனைவியை வெட்டிய கணவன்மாரும் இருக்கிறார்கள். தோட்ட நிர்வாகங்கள் இதைப் பெண்ணின் ஒழுக்கக் கேடு என்று எழுதிவைத்தன. ஆட்களைக் கப்பலில் ஏற்றும்போதே ஆணும் பெண்ணும் குடும்பமாக வாழத்தக்க எண்ணிக்கையில் கொண்டுவராத தங்கள் கணக்கின் கேட்டை அவை எழுதவில்லை.

பிறகு முதலாளிகளுக்குக் குடும்பம் தேவைப்பட்டது. தனி ஆள் ஓடிப்போவான், குடும்பக்காரன் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் நிலைப்பான், பிள்ளைகள் நாளைய தொழிலாளர் ஆவார்கள். பெண்களை அழைத்து வர ஊக்கம் தரப்பட்டது. வந்தவர்களுக்குச் சம்பளம் நிர்ணயிக்கும் போதுதான் முக்கியமான ஒன்று நடந்தது. 1920களின் இறுதியில் மலாயாவின் முக்கிய வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு என்றும் பெண்ணுக்கு 40 காசு என்றும் அடிப்படைச் சம்பளம் வகுக்கப்பட்டது. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் இரண்டும் குறைக்கப்பட்டன. தொழிலாளர் நிலையை ஆராய இந்தியாவிலிருந்து வந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி 1937இல் தந்த அறிக்கையில், பழைய 50 காசையும் 40 காசையும் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார். தொழிலாளர் பக்கம் நின்று பேச வந்தவருக்கே அந்தப் பத்துக் காசு இடைவெளி உறுத்தவில்லை என்பது கவனிக்க வேண்டியது. ஆண் குடும்பத்தைக் காப்பவன், பெண் கூடமாட உதவுபவள் என்ற எண்ணம் துரை, அரசு, தலைவர் மூவருக்கும் பொதுவாக இருந்தது. தமிழ்நாட்டின் வயல்களிலும் பெண் கூலி குறைவுதான். ஆனால் அங்கே ஊர் வழக்கமாக இருந்ததை இங்கே அரசாணை எண்ணில் எழுதிப் பதிவேட்டில் ஏற்றியது. மாதச் சம்பளம் போடும் ஒவ்வொரு முறையும் அந்த எண் வீட்டுக்குள் ஒரு செய்தியைக் கொண்டுபோனது.

அந்தச் செய்திக்கும் உண்மைக்கும் இருந்த தூரத்தை அளக்க, பால் வெட்டும் பெண்ணின் ஒரு நாளைப் பார்த்தால் போதும்.

ரப்பர் மரத்தில் பால் குளிர்ந்த நேரத்தில்தான் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் பட்டையில் உறைந்துவிடும். ஆகவே விடியுமுன் வேலை தொடங்க வேண்டும். பெண் நான்கு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டி, சோறும் குழம்பும் வைத்து, தூக்குச் சட்டியில் கட்டி, தூங்குகிற பிள்ளையைத் துணியில் சுற்றி ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடுவாள். ஆள் கணக்கெடுத்ததும் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தன் நிரைக்குப் போவாள். நானூறு, ஐந்நூறு மரம். ஒவ்வொன்றிலும் பால் வடியும் கிண்ணமான மங்கில் கிடக்கும் கட்டிப் பாலை எடுத்து, கோட்டில் ஒட்டியிருக்கும் பாலை உரித்து, உளியால் மெல்லிய பட்டையைச் சீவி, மங்கைத் துடைத்து வைக்க வேண்டும். உளி ஆழம் போனால் மரம் காயப்படும், மேற்பார்வை பார்க்கும் தண்டல் திட்டுவார். மேலாகப் போனால் பால் வராது, எடை குறையும். வெட்டி முடித்துச் சற்று உட்கார்ந்து சாப்பிட்டதும் மறுபடி முதல் மரத்திலிருந்து பால் எடுக்க வேண்டும். நிறைந்த வாளிகளைக் காண்டாக் கம்பில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து மேடு பள்ளம் தாண்டிப் பால் ஸ்டோருக்குக் கொண்டுபோய் நிறுத்துவாள். இத்தனையையும் ஆணும் செய்தான், அதே மரம், அதே உளி, அதே எடை. இருவரும் பிற்பகல் வீடு திரும்பியதும்தான் வேறுபாடு தொடங்கும். அவன் குளித்துவிட்டுத் திடலுக்கோ கடைக்கோ கள்ளுக் கொட்டகைக்கோ போவான். அவளுக்கு விறகு, தண்ணீர், துணி, பிள்ளை, இரவுச் சோறு என்று இரண்டாம் வேலை காத்திருக்கும்.

ஆயாக் கொட்டகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிள்ளை பார்க்கும் இடம் அமைத்துத் தருவது தோட்டத்தின் கடமையாகக் கருதப்பட்டது. கூரை போட்ட நீண்ட கொட்டகை, உத்தரத்தில் வரிசையாகத் தொங்கும் சேலைத் தூளிகள், பால் கரைக்க ஓர் அடுப்பு, பால் வெட்ட உடம்பில் தெம்பு குறைந்துபோன ஒரு மூதாட்டி. உலகின் பல நாடுகள் இன்றும் உழைக்கும் தாய்மாருக்குக் குழந்தைக் காப்பகம் கேட்டுப் போராடுகின்றன. கெடாவின் தோட்டங்களில் அது எப்போதோ வந்துவிட்டது. தாயின் கைகள் விடிகாலையில் தேவைப்பட்டதால் வந்தது. அந்தக் கொட்டகை பிள்ளை வளர்ப்பைத் தந்தையின் பொறுப்பாக ஒரு நாளும் காட்டவில்லை. தாய் இல்லாத நேரத்தில் இன்னொரு பெண். அவளும் இல்லாவிட்டால் மூத்த மகள்.

மூத்த மகளின் பாடு தோட்டத்து வாழ்வின் பேசப்படாத பகுதி. தம்பி தங்கைகளைத் தூக்கிக்கொண்டு திரிவதே அவளுடைய பாலபாடம். தமிழ்ப்பள்ளி பக்கத்திலேயே இருந்தும், அம்மா காட்டுக்குப் போன நாட்களில் அவளுடைய இடம் வகுப்பில் காலியாக இருந்தது. வயதுக்கு வந்ததும் பள்ளியை நிறுத்துவது பல வீடுகளில் நடந்தது. சடங்கு சிறப்பாக நடக்கும். தாய்மாமன் சீர் வரும், பந்தலில் பாட்டு ஒலிக்கும், லயமே சாப்பிடும். அன்றைக்கு அவளைப் பெரிய மனுசி என்று கொண்டாடியவர்களே மறுநாள் முதல் வெளியே போகாதே, உரக்கச் சிரிக்காதே, அண்ணனோடு போ என்பார்கள். அதே வயதில் அவளுடைய தம்பிக்குத் திடல் திறந்தே இருந்தது. கிராமத்திலிருந்து வந்த வழக்கம்தான் இது. ஆனால் லயத்து வாழ்க்கை அதை இறுக்கியது. ஒரே கூரையின் கீழ் பத்துப் பதினைந்து குடும்பங்கள், நடுவே மெல்லிய பலகைச் சுவர். பக்கத்து வீட்டின் பேச்சும் இருமலும் கேட்கும் இடத்தில் பெண்பிள்ளையின் பெயர் முழு லயத்தின் கண்காணிப்பில் இருந்தது.

போர்க்காலம் இந்த ஒழுங்கைச் சில ஆண்டுகள் குலைத்தது. ஜப்பானியர் சயாம் ரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரைக் கொண்டுபோனார்கள். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். பல பத்தாயிரம் பேர் திரும்பவில்லை. சயாம் எல்லையை ஒட்டிய கெடாவின் தோட்டங்களில் ஆண் இல்லாத வீடுகள் பெருகின. கஞ்சிக்கு மரவள்ளி நட்டு, பிள்ளைகளைக் காப்பாற்றி, காணாமல் போனவனுக்காக ஆண்டுக் கணக்கில் காத்திருந்து குடும்பத்தை நடத்தியவர்கள் பெண்கள். அதே காலத்தில், 1943 அக்டோபரில், சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையின் முகாம் திறந்தது. சென்னையிலிருந்து வந்த மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன் தலைமை தாங்கிய அப்படையில் பெருந்தொகையினர் இந்தியாவையே பார்த்திராத தோட்டத்துப் பெண்கள். உளி பிடித்த கை துப்பாக்கி பிடித்தது. போர் முடிந்தது, படை கலைந்தது. அப்படையிலிருந்த ஈப்போவின் இராசம்மா பூபாலன், கோலாலம்பூரின் ஜானகி தேவர் போன்ற படித்த பெண்கள் பொதுவாழ்வுக்கு வந்தார்கள். இராசம்மா 1960இல் பெண் ஆசிரியர் சங்கத்தை நிறுவிச் சம ஊதியம் கேட்டுப் போராடினார். தோட்டத்துப் பெண்கள் பால் வாளிக்குத் திரும்பினார்கள். தனியாளாகக் குடும்பத்தைத் தாங்கியவளைக் குடும்பத் தலைவியாகத் தோட்டப் பதிவேடு ஏற்றுக்கொள்ளவில்லை. வீடு வேலையோடு ஒட்டியது, பெரும்பாலும் ஆணின் பெயரில் இருந்தது.

போருக்குப் பிறகு கெடாவில் எழுந்த இயக்கம் ஒன்று இந்த ஆய்வுக்கு மிக நெருங்கிய சான்று. பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவர் தலைமையில் தொண்டர் படை தோன்றி, 1946, 1947ஆம் ஆண்டுகளில் மாநிலத்தின் தென்பகுதி முழுதும் பரவியது. சம்பளமும் மரியாதையும் அதன் கோரிக்கைகள். எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றது கள்ளு ஒழிப்பு. கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே சட்டப்படி நடந்தது. காலையில் கொடுத்த கூலியில் ஒரு பங்கு மாலையில் அங்கே திரும்பி வந்தது. குடித்த கணவனின் அடியும், வெறும் உலையும் பெண்ணின் பங்கு. எனவே தொண்டர் படையின் மறியல்களுக்குப் பெண்கள் மனதார ஆதரவு தந்ததில் வியப்பில்லை. 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங் மறியல் மோதலாகி ஒரு தொழிலாளி உயிரிழந்தார். அடுத்த சில நாளில் டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டு இன்னொருவர் மாண்டார். அவ்வாண்டுக்குள் இயக்கம் நசுக்கப்பட்டது.

தொண்டர் படையை நான் பெரிதும் மதிக்கிறேன். தோட்டத்து ஆணின் குடியைத் தனி மனிதனின் பலவீனமாகப் பார்க்காமல், முதலாளியின் ஏற்பாடாகக் கண்டுகொண்ட முதல் இயக்கங்களில் அது ஒன்று. ஆயினும் அதன் கனவில் இருந்த குடும்பம், குடிக்காத நல்ல ஆண் தலைமை தாங்கும் குடும்பம். அவனுடைய மனைவியின் இரண்டாம் வேலையைப் பற்றியோ அவளுடைய பத்துக் காசைப் பற்றியோ அது போராடியதாக வரலாறு சொல்லவில்லை. கள்ளு போனாலும் சாராயம் வந்தது. 1981இல் லூனாஸ் வட்டாரத்தில் நச்சுச் சாராயத்துக்குப் பலர் பலியானார்கள். அவ்வூரில் பிறந்த எழுத்தாளர் ம. நவீன் அந்தச் சாவுகளைப் பின்னணியாக வைத்து எழுதிய ‘பேய்ச்சி’ நாவல், ஆண்கள் சரிந்து விழும் வீட்டில் மூர்க்கமாக எழுந்து நிற்கும் தாயைக் காட்டுகிறது. 2020 இறுதியில் அரசு அந்நாவலைத் தடை செய்தது.

ஆணைப் பற்றியும் பேசாமல் இந்த விஷயம் முடியாது. குடும்பம் ஆணுக்குத் தந்த சலுகை அவனுக்கே கேடானது. பெண்பிள்ளை வீட்டில் அடைபட்டாள், அடைபட்ட இடத்தில் புத்தகம் கிடைத்தபோது படித்தாள். ஆண்பிள்ளை எங்கே போகிறான் என்று யாரும் கேட்கவில்லை. தோட்டம் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் வழிவிட்டு, குடும்பங்கள் சுங்கைப் பட்டாணியின் மலிவு விலை வீடுகளுக்குப் பெயர்ந்தபோது, திடலும் கோயிலும் தெரிந்த முகங்களும் ஒன்றாகப் போயின. கேள்வி கேட்கப்படாமல் வளர்ந்த பையன்களைப் புறநகர்த் தெருக்களின் குண்டர் கும்பல்கள் எடுத்துக்கொண்டன. மலேசியப் பல்கலைக்கழகங்களில் இன்று மாணவியரே பெரும்பான்மை. இடையில் பள்ளியை விட்ட தம்பியும் பட்டம் பெற்ற அக்காவும் ஒரே வீட்டில் இருப்பது கெடாத் தமிழர்களுக்குப் பழகிப்போன காட்சி. அப்படியிருந்தும், சாப்பிட்ட தட்டைக் கழுவ அந்தத் தம்பியை யாரும் கூப்பிடுவதில்லை.

பெண்களின் வாழ்வில் உண்மையான திருப்பம் தொழிற்சாலைகளால் வந்தது. 1972இல் பினாங்கின் பாயான் லெப்பாசில் தடையில்லா வணிக வட்டாரம் தொடங்கியது. பின்னர் பிறையும் சுங்கைப் பட்டாணியும் வளர்ந்தன. 1996இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறந்தது. மின்னணு ஆலைகளுக்குச் சிறு கைகளும் கூர்மையான கண்களும் வேண்டியிருந்தன. பேருந்துகள் தோட்ட வாசலுக்கே வந்து பெண்களை ஏற்றின. முதல் முறையாகச் சம்பளம் அவள் பெயரில், அவள் வங்கிக் கணக்கில் விழுந்தது. தண்டலுக்குத் தெரியாத, லயம் பார்க்காத ஓர் உலகம் அவளுக்குக் கிடைத்தது. இரவு வேலைக்குப் போகும் பெண்ணைப் பற்றி ஊர் பேசியது. பேசிய வீடுகளிலும் அந்தப் பணத்தில்தான் தொலைக்காட்சி வந்தது, தம்பிக்கு மோட்டார் சைக்கிள் வந்தது. திருமண வயது தள்ளிப்போனது, பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது. யாரைக் கட்டுவது என்பதில் அவள் சொல்லுக்கு இடம் கிடைத்தது. வீட்டு வேலையின் பங்கீட்டைக் கேட்டால், அது மட்டும் அசையவில்லை.

தோட்டத்தில் தங்கிவிட்டவர்களுக்கு வந்த மாற்றம் வேறு. ரப்பரில் ஆணும் பெண்ணும் செய்த வேலை ஒன்று. செம்பனையில் அது பிரிந்தது. குலை அறுப்பது ஆணின் வேலை, கூலி அதிகம். உதிரிப் பழம் பொறுக்குவதும் களைக்கொல்லி அடிப்பதும் பெண்ணுடையது, கூலி குறைவு, நஞ்சு அதிகம். முதுகில் கலன் சுமந்து பாராகுவாட் தெளித்த பெண்களின் நகமும் தோலும் கண்ணும் பாழாயின. அதை உலகறியச் செய்தவர் சுங்கைப் பட்டாணியில் பிறந்த ஐரீன் பெர்னாண்டஸ். 1991இல் அவர் தொடங்கிய தெனாகானித்தா அமைப்பு, 2002இல் இப்பெண்களின் உடல்நிலையை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு அரசு பாராகுவாட்டைத் தடை செய்வதாக அறிவித்தது, 2006இல் தடையைத் தளர்த்தியது, 2020இல்தான் முழுத் தடை வந்தது. ஐரீன் அதைக் காண உயிரோடு இல்லை. தெளிக்கும் வேலை பெண்ணுக்கு ஏன் போனது என்று கேட்டால், அது லேசான வேலை என்ற பதில் வரும். பெண் செய்வதால் அது லேசான வேலை எனப்பட்டது. கூலியும் அந்தப் பெயருக்கு ஏற்ப வைக்கப்பட்டது.

இங்கே சட்டத்தின் பங்கைப் பார்க்க வேண்டும். பண்பாடு கல்லில் செதுக்கியது, மாறாது என்பவர்களுக்குச் சட்டம் நல்ல பதில் சொல்கிறது. 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982இல் நடப்புக்கு வந்தது. அதுவரை வழக்கப்படி இரண்டாம் மனைவி கட்டிக்கொண்ட முஸ்லிம் அல்லாத ஆண்கள், ஒரே தலைமுறையில் ஒருதார மணத்துக்குப் பழகிவிட்டார்கள். உயில் எழுதாமல் மனைவி இறந்தால் சொத்து முழுதும் கணவனுக்கு, கணவன் இறந்தால் பிள்ளையுள்ள மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு என்றிருந்த பாரபட்சம் 1997இல் நீங்கியது. 1999இல் பிள்ளையின் பாதுகாவலராகத் தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமை வந்தது. 2001இல் அரசியலமைப்பின் 8ஆம் விதியில் பாலினப் பாகுபாடு கூடாது என்பது சேர்ந்தது. இவை எதையும் ‘நம் பண்பாட்டுக்கு ஆகாது’ என்று தமிழ்ச் சமூகம் பெரிதாக எதிர்க்கவில்லை. நூறாண்டு வழக்கம் என்று நினைத்ததில் பாதி, சம்பளப் பதிவேடும் வீட்டுப் பதிவேடும் உண்டாக்கியதுதான். பதிவேடு மாறினால் வழக்கமும் நகர்கிறது.

சட்டமும் எங்கோ நின்றுவிடுகிறது. 2023 ஜனவரி முதல் மலேசியத் தனியார் துறையில் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளானது. தந்தைக்கு முதன்முறையாக 7 நாள் கிடைத்தது. தாய்க்கு உடல் தேற நாள் வேண்டும் என்பதில் இரண்டு பேச்சில்லை. ஆனாலும் ஆயாக் கொட்டகையின் பழைய கணக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை என்பதை அந்த 7 காட்டுகிறது. நாட்டில் ஆண்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் வேலைச் சந்தையில் இருக்க, பெண்கள் 56 விழுக்காட்டை ஒட்டியே நிற்பதற்கும் பிள்ளை, முதியோர், சமையல் ஆகியவையே முக்கியக் காரணம். பீடோங் அருகே செமெலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. பால் வெட்டியவர்களின் பேத்திகள் அங்கே மருத்துவம் படிக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் முதல் குழந்தைக்குப் பிறகு வேலையைத் தொடர்வார்கள் என்பதைக் கல்லூரி முடிவு செய்யாது, வீடுதான் முடிவு செய்யும்.

ஆகவே வீட்டிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. 1960இல் அரசியல் தலைவர் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர் மாதந்தோறும் சேர்த்த பணத்தில் முதன்முதலாக வாங்கியது கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தை. நிலமும் கூரையும் சொந்தமானால் மனிதனின் நிமிர்வே வேறு என்பது அந்தத் தலைமுறைக்குத் தெரிந்திருந்தது. சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் இன்று வீடு வாங்கும் குடும்பங்களில் பெரும்பாலானவை கணவன் மனைவி இருவரின் சம்பளத்தில்தான் தவணை கட்டுகின்றன. அந்த வீட்டின் பத்திரத்தில் இருவர் பெயரும் ஏறட்டும். இருப்பது மகன் மகள் என இருவரானால், இருவரையும் ஒரே கடிகாரத்துக்கு வீடு திரும்பச் சொல்லுங்கள், சமையலறைக்கும் இருவரையும் அழையுங்கள். கோயில் நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்களும் சோறாக்கும் பொறுப்பை மட்டும் மகளிர் பகுதிக்குத் தந்துவிட்டுக் கணக்கையும் தலைமையையும் ஆண்களிடம் வைத்துக்கொள்ளும் வழக்கத்தை இந்த ஆண்டுக் கூட்டத்திலேயே மாற்றலாம். இதற்கு எந்தச் சட்டமும் வரக் காத்திருக்கத் தேவையில்லை.